போலித் தோட்டாக்களின் பயனை அறிதல்

நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஹைதராபாத் வேட்டைக்குப் பெயர்பெற்ற சமஸ்தானமாக விளங்கிற்று. 1869 முதல் 1911 வரை ஆண்ட ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் புலி வேட்டையில் தேர்ந்தவர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டைப் பொழுதுபோக்கு மறைந்தது. ஆயினும் துப்பாக்கிகளோடு வந்த சிறு பொருள்கள் பழைய வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருத்தல் இயல்பே. அவற்றுள் ஒன்று போலித் தோட்டா. இது தோட்டாவின் உருவமும் அளவும் உடையது, ஆனால் வெடிக்காதது. இத்தகைய பொருளொன்று பள்ளிப் பொருட்காட்சிக்கோ களப் பணியாளரிடமோ வந்து சேருமாயின், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிதல் அவசியம். தவறான முடிவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உண்மைத் தோட்டாவின் அமைப்பு

முதலில் உண்மைத் தோட்டாவின் அமைப்பை நினைவு கூர்வோம். பெருவழக்கான 12 போர் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் இதுவாகும். பெயரின் காரணமும் அதுவே. தோட்டாவின் பித்தளை அடியில் நடுவே கேப்பும், அதன்மேல் முறையே வெடிமருந்து, தக்கை, ஈய ரவை ஆகியனவும் இருக்கும். உறை முற்காலத்தில் காகிதத்தால் ஆனது. பிளாஸ்டிக் உறை 1960-க்குப் பின் பரவியது. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தாக்கும்போது மருந்து தீப்பற்றுகிறது.

நால்வகைப் பயன்கள்

1. ஊசியைக் காப்பது: 1875-இல் இங்கிலாந்தில் ஆன்ஸன், டீலி என்போர் அமைத்த வகைத் துப்பாக்கியில் வெளிக் குதிரை இல்லை. குழலை மடித்துத் திறந்தாலே உள்வில் இறுகிவிடும். அதை இறுகிய நிலையில் நெடுநாள் வைத்தல் நன்றன்று. வெற்றுக் குழலில் விசையை இழுத்தால் ஊசி சேதமுறலாம். ஆகவே ‘ஸ்நாப் கேப்’ என்னும் போலித் தோட்டாவை இட்டு வில்லைத் தளர்த்துவர். பித்தளை, கொம்பு, மரம் ஆகியவற்றால் இது செய்யப்படும். கேப்பின் இடத்தில் சுருள்வில் தாங்கிய குமிழ் இருக்கும். இரட்டைக்குழலுக்கு இரண்டு வேண்டுமாதலால் பெரும்பாலும் ஜோடியாகக் கிடைக்கும்.

2. பயிற்சி: தோட்டாவை இடவும் எடுக்கவும் கற்பிக்க உதவுவது. உறையில் துளைகளோ நீள்பள்ளங்களோ இருக்கும். கேப்பின் இடம் காலியாயிருக்கும்.

3. இயக்கச் சோதனை: அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகளில் தோட்டா தடையின்றி நகர்கிறதா எனக் காண்பதற்கானது. ஆகவே எடையும் நீளமும் உண்மைத் தோட்டாவை ஒத்திருக்கும்.

4. காட்சிப் பொருள்: கடைகளில் உட்பகுதிகளைக் காட்ட, உறையின் ஒருபுறம் வெட்டப்பட்டிருக்கும்.

அறியும் முறை

முதலில் அடிப்பாகத்தைக் கண்ணால் மட்டும் காண்க. ஒரே இடத்தில் பல முறை தாக்குண்ட தழும்புகள் குமிழில் தெரியுமாயின் அது பெரும்பாலும் முதல் வகை. சுடப்பட்ட உண்மைத் தோட்டாவின் கேப்பில் பொதுவாக ஒரே தழும்புதான் இருக்கும். அடுத்து உறையில் துளை, வெட்டு உண்டா எனப் பார்க்க. எடையை மட்டும் நம்பலாகாது. மூன்றாம் வகை அதனால் நம்மை ஏமாற்றும். ரவையில்லாத ஓசைத் தோட்டா போலித் தோட்டா அன்று. அதில் கேப்பும் மருந்தும் உள்ளன.

எச்சரிக்கை

தழும்பற்ற முழுக் கேப்பு காணப்படுமாயின், எவ்வளவு பழையதாயினும் அது உயிருள்ள தோட்டா என்றே கொள்க. குலுக்குதல், தட்டுதல், அறுத்தல், சூடாக்குதல், குமிழை அழுத்திப் பார்த்தல் ஆகியன கூடா. அதை இருந்த இடத்திலேயே விட்டு, மாணவரை விலக்கி, காவல் நிலையத்திற்கு அறிவிக்க. உயிருள்ள தோட்டாவை உரிமமின்றி வைத்திருத்தல் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். ஐயத்திற்குரிய பொருளை ஆராய்வது தடய அறிவியல் ஆய்வகத்தின் பணி. ஹைதராபாத்திலும் அத்தகைய மத்திய ஆய்வகம் ஒன்று உண்டு.

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் கரும்பலகைப் படத்தையே பயன்படுத்துக; உண்மைப் பொருளை மாணவர் கையில் கொடுத்தல் வேண்டா. பயன் இன்னதென உறுதிப்படும்வரை எந்தத் தோட்டாவும் போலி அன்று என்பதே மாணவர் முதற்கண் கற்கவேண்டியது.