மறதிக்குப் பின்னும் மிஞ்சும் அன்பு: 'மூன்றாம் பிறை'யும் ஒரு பிரெஞ்சுப் படமும் எங்கள் வீட்டுப் பாட்டியும்

முன்னுரை

"என்னை யாருன்னு தெரியுதா, பாட்டி?"

தங்காக்கில் உள்ள எங்கள் வீட்டிற்கு வரும் உறவினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி இது. பாட்டி அவர்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு தாத்தாவின் முகத்தைப் பார்ப்பார். விடை தெரியாமல் ஆசிரியர் முன் நிற்கும் பள்ளிப் பிள்ளையின் பார்வை அது. நானும் அக்கேள்வியை எத்தனையோ முறை கேட்டவன்தான். அது கேட்கக்கூடாத கேள்வி என்பதை எனக்கு உணர்த்தியவை இரண்டு திரைப்படங்களும் என் தாத்தாவின் ஒரு செயலும். அவற்றை இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் தம்பி தங்கையரோடும் பயின்று சென்ற நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோதிரமும் மூன்றாம் பிறையும்

காதலையும் மறதியையும் இணைத்துக் கதை சொல்வது நமக்குப் புதிதன்று. மகாபாரதத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை மறப்பதில்லை. அவளை நன்றாகத் தெரிந்திருந்தும் தெரியாதவன்போல் பேசுகிறான். காளிதாசர்தாம் தம் நாடகத்தில் துர்வாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்து அவனை உண்மையாகவே மறக்க வைத்தார். மறைமலையடிகள் அந்நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆற்றில் விழுந்த மோதிரம் மீனின் வயிற்றிலிருந்து மீண்டதும் அரசனின் நினைவும் மீள்கிறது.

தமிழ்த் திரையில் இக்கருவை மறக்க முடியாதபடி சொன்னவர் பாலு மகேந்திரா. இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர் அவர். 1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யில் விபத்தில் நினைவிழந்து குழந்தை மனம் கொண்டவளாகிவிடும் பெண்ணாக ஸ்ரீதேவி நடித்தார். அவளை மீட்டு, நீலகிரியின் கேத்திக்கு அழைத்துச் சென்று காக்கும் பள்ளி ஆசிரியராகக் கமல்ஹாசன் நடித்தார். ஒரு வைத்தியரின் சிகிச்சையால் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆசிரியரோடு வாழ்ந்த நாள்கள் அழிந்துபோகின்றன. மழையில் நனைந்த ரயில் நிலையத்தில், தன்னை நினைவூட்ட அவன் குரங்குபோல் ஆடிக்காட்டுகிறான். அவளோ அவனைப் பித்தன் என்று எண்ணிக் கடந்து செல்கிறாள். கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் பெற்றுத் தந்த படம் இது.

இவ்விரு கதைகளிலும் மறதி ஒரு பூட்டைப் போன்றது. சாவி கிடைத்தால் திறந்துவிடும். மருத்துவ உலகில் இப்படி நடப்பது மிக அரிது. தலையில் அடிபட்டவர் பெரும்பாலும் விபத்தை ஒட்டிய காலத்தைத்தான் மறப்பார். தம்மையே மறந்து குழந்தையாக மாறிவிடுவதில்லை. இருப்பினும் அந்த ரயில் நிலையக் காட்சியின் வலி பொய்யன்று. அந்த வலியை நான் எங்கள் வீட்டு ஐந்தடியில் பார்த்திருக்கிறேன்.

எதிரெதிர்த் திசையில் இருவர்

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியை விருப்பப் பாடமாக எடுத்திருந்தபோது விரிவுரையாளர் ஒரு படத்தைத் திரையிட்டார். ஸாபூ பிரைட்மன் என்ற நடிகை 2001-இல் இயக்கிய முதல் படம் அது. அதன் தலைப்பைத் தமிழில் 'அழகானவற்றை நினைவில் கொள்ளல்' எனலாம். கிளேர் என்ற இளம்பெண்ணின் தாய் அல்சைமர் நோயால் இறந்தவர். அந்நோய் தன்னையும் தொடுகிறதோ என்ற அச்சத்தோடு அவள் நினைவாற்றல் சிகிச்சை மையம் ஒன்றில் சேர்கிறாள். அங்கே பிலிப் இருக்கிறான். மனைவியையும் குழந்தையையும் பறித்த கார் விபத்தில் அவன் நினைவும் போய்விட்டது. இருவரும் காதலிக்கிறார்கள்.

இங்கேதான் அப்படம் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. பிலிப்புக்கு நினைவு சிறுகச் சிறுகத் திரும்புகிறது. அதோடு துக்கமும் திரும்புகிறது. கிளேருக்கு நினைவு தேய்ந்துகொண்டே போகிறது. அவளுக்கு மோதிரமும் இல்லை, வைத்தியரும் இல்லை. இருக்கும் நாள்களை எப்படி வாழ்வது என்பது மட்டுமே அவர்கள் முன் உள்ள கேள்வி. கிளேராக நடித்த இசபெல் காரேவுக்கு 2003-ஆம் ஆண்டு சேசர் விருது விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் நான் எழவில்லை. அடுத்த வாரமே ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

பாட்டியின் மூவார்

எங்கள் ஊர் லேடாங் மலையின் அடிவாரத்தில் உள்ளது. மலையின் உயரம் 1,276 மீட்டர். துணிக்கடைகளுக்குப் பெயர்போன ஊர். தீபாவளி நெருங்கினால் வெளியூர்க்காரர்களும் துணி எடுக்க வருவார்கள். முன்பு மூவார் மாவட்டத்தோடு இருந்த இவ்வட்டாரம், பின்னர் லேடாங் மாவட்டமாகி, 2016-இல் தங்காக் மாவட்டம் என்று பெயர் மாறியது. பாட்டிக்கு இன்றும் அது மூவார்தான்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1881-இல் எழுதிய நூலில், நினைவு அழியும்போது அண்மைக்கால நினைவுகள் முதலிலும் பழைய நினைவுகள் இறுதியிலும் அழிகின்றன என்றார். அதனை 'ரிபோ விதி' என்பர். அல்சைமர் நோயில் இவ்விதி பெரும்பாலும் பொருந்துகிறது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி அந்நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது.

ஆகவேதான், காலையில் சாப்பிட்டதை மறந்த பாட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று பால்வெட்டுக் கத்தியைத் தேடினார். நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவரோ லயத்து வீட்டில், பதினேழு வயதில் இருந்தார். அந்த வயதில் அவருக்குத் தெரிந்த தாத்தா கறுத்த முடியுள்ள இளைஞர். நரைத்த தலையோடு பக்கத்தில் அமர்ந்திருந்தவர் வேறு யாரோ.

ஒருநாள் பாட்டி அவரிடம், "பெரியவரே, நீங்க எந்த வீடு?" என்று கேட்டார். நான் பொறுக்காமல், "பாட்டி, இவர்தான் உங்க வீட்டுக்காரர்! ஐம்பது வருசம் ஆச்சு!" என்றேன். பாட்டி மிரண்டு அழத் தொடங்கினார். முன்பின் தெரியாத கிழவரைக் கணவர் என்றால் எந்தப் பெண்தான் அழமாட்டாள்? தாத்தா என்னைக் கையமர்த்திவிட்டு, "நான் பக்கத்து வீடுதான் புள்ள. மைலோ ஆறுது, குடி" என்றார். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார்.

அன்றிரவு, "உங்களுக்கு வருத்தமா இல்லையா தாத்தா?" என்று கேட்டேன். "அவளுக்கு என்னைத் தெரியலைன்னா என்ன? எனக்கு அவளைத் தெரியுமே" என்றார்.

பெயர் போனாலும் உணர்வு நிற்கிறது

ஜெனீவா நகர மருத்துவர் எட்வார் கிளாப்பரேட் 1911-இல் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நினைவிழந்த நோயாளி ஒருவரோடு கைகுலுக்கும்போது அவர் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துவைத்துக் குத்தினார். பின்னர் அவரைக் கண்டபோது அப்பெண்ணுக்கு ஊசி நினைவில்லை. ஆனால் கைகொடுக்க மறுத்துவிட்டார். காரணம் தெரியாத அச்சம் மட்டும் தங்கியிருந்தது.

2010-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹிப்போகேம்பஸ் பழுதடைந்தவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினர். பார்த்த காட்சி விரைவில் மறந்துபோனது. அது தந்த சோகமும் மகிழ்ச்சியும் மறதியைக் கடந்து நீடித்தன. 2014-இல் அல்சைமர் நோயாளிகளிடம் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ஆக, நாம் அதட்டினால் அதட்டல் மறந்துவிடும், மிரட்சி நிற்கும். அன்பாகப் பேசினால் பேச்சு மறந்துவிடும், நிம்மதி நிற்கும்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே சான்று கிடைத்தது. தாத்தா மூச்சுத்திணறலால் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். பாட்டி அவர் பெயரைச் சொல்லவில்லை. அவரை எங்கே என்றும் கேட்கவில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் தாத்தா வந்தபோது அம்மா பழக்கதோஷத்தில், "யாருன்னு தெரியுதா?" என்று கேட்டுவிட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். கையிலிருந்த பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து நீட்டினார்.

நாம் கற்க வேண்டியவை

மலேசியாவில் 2018-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருக்கக்கூடும். எனவே இது பல வீடுகளின் கதை. லெக்கானெமாப் போன்ற புதிய மருந்துகள் தொடக்க நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. போன நினைவை மீட்டுத் தருவதில்லை. ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்வோம்.

1. "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள். "பாட்டி, நான் உங்க பேரன், பார்க்க வந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

2. அவர்கள் வாழும் காலத்தோடு வாதிடாதீர்கள். தோட்டத்தைப் பற்றிப் பேசினால் தோட்டத்தைப் பற்றியே கேளுங்கள். நம் வரலாற்றின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

3. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மறதி அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

4. பராமரிப்பவரையும் கவனியுங்கள். தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் வரும்வரை, அவர் எத்தனை இரவுகள் தூங்கவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

முடிவுரை

கதைகளில் காதலின் வெற்றியை நாம் ஒரே அளவுகோலால் அளக்கிறோம்: அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாளா? துஷ்யந்தன் கண்டுகொண்டான்; கேத்தி ரயிலில் ஏறியவள் கண்டுகொள்ளவில்லை. எங்கள் பாட்டியும் தாத்தாவை அடையாளம் கண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வந்தால் உட்கார இடம் விடுகிறார்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் தம்பி தங்கையரே, வீட்டில் மறதியுள்ள பெரியவர் இருந்தால் அவருக்குத் தேர்வு வைக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.