பேசித் தீர்க்கும் வழி

சவ்வாது மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் ஆலங்காயம். அதற்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தொழில் நடைபெறும் ஊர்களில் கூலி, வேலை நேரம், வேலைநீக்கம் ஆகியவை பற்றிப் பிணக்குகள் தோன்றுதல் இயல்பு. நிலத்திற்காக வழக்காடிய இருவர், தீர்ப்புக்குப் பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே வாழ்ந்துவிடலாம். தொழிலாளியும் முதலாளியும் அவ்வாறு வாழ இயலுமா? மறுநாட் காலையில் இருவரும் ஒரே ஆலைக்குள் நுழைய வேண்டுமன்றோ? ஆதலின், தொழிற் பிணக்கில் வெற்றியினும் இணக்கமே பெரிது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய வழக்கறிஞர் வி. வி. கிரி ஆவார்.

கிரி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெர்ஹாம்பூரில் 1894ஆம் ஆண்டு பிறந்தார். சட்டம் பயில 1913இல் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகருக்குச் சென்றார். அங்கே மூண்டெழுந்த விடுதலை இயக்கத்தோடு தொடர்பு கொண்டமையால், 1916இல் அந்நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. தாயகம் திரும்பி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது அத்தொழிலைத் துறந்தார், சிறையும் புகுந்தார்.

பின்னர் அவர் உள்ளம் இரயில்வேத் தொழிலாளர்பால் சென்றது. 1928இல் வங்க நாகபுரி இரயில்வேயில் வேலையிழந்தோர்க்காக நடைபெற்ற வேலைநிறுத்தத்தைக் கிரி முன்னின்று அறவழியில் நடத்தினார். தொழிலாளர் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. 1937இல் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சரானார். 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியத் தூதராக விளங்கினார். 1952இல் நடுவணரசின் தொழிலாளர் அமைச்சரானார்.

பிணக்கு எழுந்தவுடன் நடுவர் மன்றத்தை நாடுதல் நன்றன்று என்பது கிரியின் கொள்கை. வெளியார் ஒருவர் தரும் தீர்ப்பு, சண்டையை நிறுத்துமேயன்றி மனக்கசப்பை மாற்றாது. இரு சாராரும் நேரே அமர்ந்து பேசித் தாமே செய்துகொள்ளும் உடன்பாடுதான் நிலைக்கும். ஆயின், வலியவனும் எளியவனும் ஒத்த நிலையில் பேசுதல் கூடுமோ? கூடாது. அதனாலேயே, தொழிலாளர் வலிமை மிக்க சங்கமாக ஒன்றுபடல் வேண்டும் என்றும் அவர் கூறினார்.

1954இல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. வங்கி ஊழியர்களின் ஊதியம் பற்றித் தொழிலாளர் மேல்முறையீட்டு மன்றம் முடிவு கூறியிருந்தது. நடுவணரசு அம்முடிவை ஊழியர்களுக்குக் குறைவு நேருமாறு மாற்றியது. மன்றத் தீர்ப்பினும் நேர்ப்பேச்சையே விரும்பியவர் கிரி. எனினும், ஒரு மன்றத்திடம் வழக்கை ஒப்படைத்த பின், அதன் முடிவை மதித்தல் கடமை என்று கருதினார். அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அரசு ஓர் ஆணையம் அமைத்து இதனை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1955இல் சட்டமும் இயற்றப்பட்டது.

பதவியைத் துறந்த அவரைப் பல பதவிகள் நாடி வந்தன. மூன்று மாநிலங்களில் ஆளுநராக இருந்தார். 1969 முதல் 1974 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகத் திகழ்ந்தார். 1975இல் 'பாரத ரத்னா' விருது பெற்ற கிரி, 1980இல் மறைந்தார்.

மாணவர்களே! விளையாட்டுத் திடலிலும் வகுப்பறையிலும் உங்களுக்குள்ளும் பிணக்குகள் எழலாம். ஆசிரியரிடம் ஓடுமுன், எதிரே நிற்பவனிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். பேசி முடித்தபின், கொடுத்த வாக்கைக் காத்து நில்லுங்கள்.