தாமரை இலையும் குளிர்ச் சட்டையும்

மார்கழி விடியலில் மாரெட்பள்ளியிலிருந்து தார்நாகா வழியாகச் சைக்கிளில் பல்கலைக் கழகம் வருபவர்க்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். ஆயினும் விடுமுறையில் இமயமலைப் பக்கம் நடைப்பயணம் போகும் நண்பர்களும், மேற்படிப்புக்காகக் குளிர்நாடு செல்லும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுள் பலர் கொண்டு செல்வது மூத்த மாணவர் எவரேனும் அணிந்து பழகிய பழஞ் சட்டையே. நனைந்த உடை உடலின் சூட்டை விரைந்து பறித்துவிடும். பனிமலையில் அது உயிருக்கே ஊறாகும்.

"தண்ணீர் இறங்குகிறது, இனி இது உதவாது" என்று என் அறைத்தோழர் சென்ற ஆண்டு தம் சட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். புதியது வாங்கக் கையில் பணமும் இல்லை. சட்டையோ கெடவே இல்லை, அழுக்கேறியிருந்தது, அவ்வளவே.

தாமரை இலைத் தண்ணீர் என்று பிள்ளைப் பருவம் முதல் சொல்லி வருகிறோம். அவ்விலையின் மேல் மெழுகு படர்ந்த நுண்ணிய மேடுகள் நிறைந்திருப்பதால்தான் நீர் முத்தாய்த் திரண்டு, அழுக்கையும் வாரிக்கொண்டு உருளுகிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர்களான பார்த்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997-இல் விரிவாக விளக்கினர். குளிர்ச் சட்டையின் மேல்துணிக்கும் ஆலையில் நீரை விலக்கும் பூச்சு ஒன்று இடுகின்றனர். நல்ல சட்டைகளில் அதற்கும் அடியில் நீரைத் தடுக்கும் சவ்வு வேறு உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் குழப்பம். பூச்சு மங்கினால் மேல்துணி ஊறிக் கனக்கும். வியர்வையின் ஆவி வெளியேற வழியின்றி உட்புறத்திலேயே நீராகப் படியும். அணிந்தவரோ சவ்வு கிழிந்ததென்று எண்ணிக்கொள்வார்!

பூச்சை மங்கச் செய்பவை உடலின் எண்ணெய்ப் பசையும், புகையும், தூசியுமே. நாம் போடும் சோப்புத் தூளும் பகைதான். அதன் மூலக்கூற்றில் ஒரு முனை நீரை நாடுவது. சரியாக அலசாவிடில் இழையில் தங்கி, நீரை வாவென்று அழைத்து உட்கார வைத்துவிடும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை இதன் பக்கமே கொண்டு வராதீர்கள்.

உட்தையலில் உள்ள குறிப்புச் சீட்டைப் படித்துக்கொண்டு, ஜிப்பை மூடி, வெதுவெதுப்பான நீரில் இத்தகைய துணிக்கென விற்கும் திரவ சோப்பைச் சிறிதளவு கலந்து கசக்குக. கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் ஆகா. நுரை அறவே நீங்கும்வரை அலசுக. எங்களுக்கு ஐந்து வாளி ஆயிற்று. அன்று குழாயில் நீர் வராத நாள். வீட்டுக்கார அம்மாள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். காய்ந்தபின் சட்டைக்குச் சூடு வேண்டும். சாய்ந்து கிடக்கும் பூச்சின் மூலக்கூறுகள் சூட்டில்தான் மீண்டும் நிமிர்ந்து ஒழுங்குறும். மொட்டைமாடி வெயில் அதற்குப் போதாது. சீட்டு இடங்கொடுத்தால் உலர்த்தும் இயந்திரத்தில் மிதமான சூட்டில் 20 நிமிடம் சுழல விடலாம். அன்றேல் மேலே துண்டு விரித்து, நீராவியின்றி, மின்சார இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் தேய்க்கலாம். தெருமுனை வண்டியின் கரிப்பெட்டி வேண்டா, நைலான் உருகும்.

தோழரின் சட்டையில் நீர் தெளித்துப் பார்த்தோம். முதுகிலும் கையிலும் முத்து முத்தாய் உருண்டது. மூட்டையின் வார் உராய்ந்த தோளில் மட்டும் ஊறியது. அங்கே பூச்சே தேய்ந்துவிட்டது. அதற்குத் தெளிக்கும் மருந்து கடையில் கிடைக்கும். புளோரின் சேராததாகப் பார்த்து வாங்குக. பழைய புளோரின் பூச்சுகள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. அவ்வகையில் ஒன்றான பி.எப்.ஓ.ஏ. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்ந்தது.

படிக்காரத்தில் தோய்த்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. பருத்திக் கித்தானைச் சோப்பு நீரில் நனைத்துப் பின் படிக்கார நீரில் தோய்த்தால், நீரில் கரையாத அலுமினியச் சோப்பு இழையில் படிந்து நீரை விலக்கும் என்பது உண்மையே. கித்தான் பைக்கு அது நல்ல வைத்தியம். ஆவி போக இடம் வேண்டிய நைலான் சட்டைக்கு அதனைச் செய்யாதீர்கள்.