இளம் கால்பந்தாட்டக்காரரின் கண்ணும் காலும்

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இந்தியக் கால்பந்துக் குழுவைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம், முன்னர் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இளம் ஆட்டக்காரரின் திறமையை முதலில் மதிப்பிடுபவர் பெரும்பாலும் ஆசிரியரே. பந்தைத் தவறவிடும் மாணவனை மந்தமானவன் என்று ஒதுக்குமுன், தவறு எங்கே நேர்ந்தது என்பதை அவர் ஆராய்தல் வேண்டும்.

கண் கண்டதை மூளை உணர்ந்து, தசைகளுக்கு ஆணையிட்டு, இயக்கம் தொடங்குவதற்குச் சுமார் 0.2 வினாடி ஆகிறது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதற்குள் 2 மீட்டர் கடந்துவிடும். பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் தாமதம் இன்னும் மிகும். எனவே, பந்து காலை அடைந்த பின்னரே சுற்றிலும் நோக்குபவன், எவ்வளவு விரைவாக ஓடக்கூடியவனாயினும் பிந்திவிடுகிறான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரரைப் படம்பிடித்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், பந்தைப் பெறுமுன் அடிக்கடி தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பவர்கள், பந்தைத் தம் குழுவினரிடம் சேர்ப்பதில் மிகுதியாக வெற்றி பெறுகின்றனர் என்று நார்வே நாட்டு அறிஞர் கெய்ர் யோர்டெட் காட்டினார்.

இவ்வழக்கத்தைப் பின்வருமாறு பயிற்றுவிக்கலாம்.

1. மூன்று மாணவரை ஒரே வரிசையில், 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்துக. முதல் மாணவன் நடுவில் நிற்பவனுக்குப் பந்தை உதைக்க, மூன்றாமவன் சில விரல்களை உயர்த்துவான். பந்து வந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நிற்பவன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, எண்ணைக் கூறிய பின் பந்தைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

2. இது கைவந்தபின், மூன்றாமவனை எதிராளியாக்குக. அவன் நெருங்கி வந்தால் பந்தைத் திருப்பி அனுப்புதலும், விலகி நின்றால் பந்துடன் திரும்பி முன்னேறுதலும் விதியாகும். இதனால் பார்வை, முடிவு, இயக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே பழகும்.

3. இரு கால்களையும் மாறிமாறிப் பயன்படுத்தச் செய்க. 12 வயதிற்குட்பட்டோருக்கு 4ஆம் எண் பந்தே ஏற்றது.

இன்னொன்றையும் கவனித்தல் அவசியம். பெண்கள் ஏறக்குறைய 12 வயதிலும், ஆண்கள் 14 வயதிலும் மிக விரைவாக உயர்கின்றனர். கை கால்கள் நீளும் அக்காலத்தில், நன்கு பழகிய அசைவுகளும் சிலருக்குத் தற்காலிகமாகத் தடுமாறும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை உயரத்தைக் குறித்துவந்தால் இம்மாறுதலை அறியலாம். அவ்வேளையில் பயிற்சியை எளிதாக்கித் தொடர வேண்டுமேயன்றி, மாணவனைக் குழுவிலிருந்து நீக்கலாகாது. நீக்கப்பட்டவன் இழந்த திறனை மீண்டும் பெறும்போது, ஆடுகளத்தில் அவனுக்கு இடமில்லாது போகக்கூடும்.