உப்புக்காற்றில் ஒரு தையல் அறை

அந்தமானில், 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கில் இரண்டு பருவக்காற்றும் மழை தரும். உப்புக்காற்று ஆண்டு முழுக்க உண்டு. தையல் அறையைச் சுத்தமாக வைப்பது என்றால் இங்கே முதலில் துருவைத்தான் கவனிக்க வேண்டும். குண்டூசியைத் துணியில் குத்தியபடியே இரவு விட்டுவிடாதீர்கள். ரவிக்கையில் படிந்த துருக்கறை சோப்புக்கு அசையாது. ஊசி, குண்டூசி, ஹூக் எல்லாம் இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் போகட்டும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் அந்த டப்பாவில் போட்டு வையுங்கள். கத்தரிக்கோலுக்கு மெஷின் எண்ணெய் லேசாகத் தடவலாம். மறுநாள் வெட்டும் முன் துடைக்க மறந்தால் வெள்ளைத் துணி அவ்வளவுதான்.

பாதி தைத்தவற்றை நாற்காலி முதுகில் குவிக்காமல், ஓர் உடைக்கு ஒரு பை வையுங்கள். வெட்டிய துண்டு, லைனிங், அளவு ரவிக்கை, அதே நிற நூல் சுற்றிய பாபின் எல்லாம் அதற்குள் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம். பருத்திப் பையே நல்லது. பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போடலாம், கடல் பக்க ஜன்னல் மட்டும் வேண்டாம். நூலும் ஊசியும் தீரும் முன்பே வாங்கி வையுங்கள். கடல் சீறினால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) படகு வராது.