ஆயில் எஞ்சின் புகை கசிகிறதா?

ராயகிரியில் கடல் ஏது? ஆனாலும் நம் கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினுக்கும் தூத்துக்குடி விசைப்படகின் டீசல் எஞ்சினுக்கும் புகைக்குழாயில் வரும் கோளாறு ஒன்றுதான். இணைப்பைச் சுற்றி விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. சந்தேகமா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

சூட்டோடு போல்ட்டை முறுக்காதீர்கள். முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால் லேத் பட்டறைக்கு அலைச்சல். ஆறிய பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். கழற்றினால் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையதில் பசை பூசுவது இரண்டு நாள் வைத்தியம்.

மோட்டார் ரூமோ, படகின் எஞ்சின் அறையோ, கதவு திறந்தே இருக்கட்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. தலை வலித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டவே கூடாது.