பழைய பாய்ப்படகைச் சோதிக்கப் போகும் இளம் சர்வேயருக்கு

பயன்படுத்திய பாய்ப்படகு கைமாறுவதற்கு முன் நடக்கும் சர்வே, வாங்குபவருக்காக மட்டுமே செய்யப்படுவது. பிரிட்டனில் வழக்கமாக வாங்குபவர் விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டுகிறார். விற்பனை சர்வேக்கு உட்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. படகைக் கரையேற்றும் செலவும் அவருடையதே. பெரிய குறை தெரியவந்தால் விலகுவதற்கும் விலையைக் குறைத்துக் கேட்பதற்கும் அவர் கையில் இருக்கும் ஆதாரம் அந்த அறிக்கைதான். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கூலி. எனவே தரகர்களின் சிபாரிசை நம்பித் தொழில் நடத்தும் சர்வேயரின் தீர்ப்பு, அவர் அறியாமலே மென்மையாகிவிடும்.

ஃபைபர் படகின் உடலைச் சோதிக்க முதல் கருவி பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியல். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். ஈரமானி அதற்குத் துணைக்கருவி மட்டுமே. செம்பு கலந்த அடிப்பூச்சின் மீது வைத்தால் அது பொய் சொல்லும். ஆகவே ஆங்காங்கே பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே அளவெடுக்க வேண்டும். அன்று காலை தண்ணீரிலிருந்து தூக்கிய படகில் அதிக ஈரம் காட்டுவதும் இயல்பு. நீர் ஃபைபருக்குள் ஊடுருவுவதால் அடிப்பகுதியில் எழும் ஆஸ்மோசிஸ் கொப்புளங்கள் வாங்குபவரை மிகவும் பயமுறுத்துகின்றன. உடைத்தால் காடி வாடையுடன் திரவம் கசியும். ஆனால் அவற்றால் படகு மூழ்குவது அரிது, செலவுதான் பெரிது. மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த பால்சா மரம் ஊறி மக்குவது, பல படகுகளில் இதைவிடக் கடுமையான குறை. திருகாணி இறங்கிய ஒவ்வொரு துளையும் நீருக்கு வழி.

கவனம் முழுவதையும் கோருவது, படகின் அடியில் தொங்கும் கனமான கீல். படகு பாறையிலோ மணலிலோ தட்டும்போது கீலின் முன்முனை நின்றுவிடுகிறது. பின்முனை மேல்நோக்கி உடலைக் குத்துகிறது. வெளியே தெரியும் கீறலைப் பூசி மறைத்துவிடலாம். உள்ளே, கீலின் பின்முனைக்கு நேர் மேலே, குறுக்குச் சட்டங்கள் உடலோடு சேரும் இடத்தில் விழும் மயிரிழை விரிசல்தான் தரைதட்டியதன் தடயம். தரைப்பலகைகளைத் தூக்காமல் அதைக் காண முடியாது.

2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிய சீக்கி ரஃபிக்கி என்ற பாய்ப்படகு, அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். முன்பு தரைதட்டிய நிகழ்வுகளும் அவற்றுக்குப்பின் நடந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்தும் பகுதியை நலிவடையச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015-இல் கூறியது. உட்சட்டத்தை உடலோடு பசையால் ஒட்டிய படகுகளில் அந்த ஒட்டு விட்டுப்போவதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் அது சுட்டியது. சர்வேயர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய அறிக்கை அது. 'லேசாகத்தான் தட்டியது' என்று உரிமையாளர் சொல்வதை அப்படியே ஏற்றுக் கடந்துவிடக் கூடாது.

பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், காற்றுப்படாமல் ஈரம் தங்கும் இடுக்குகளில்தான் அரிக்கப்படுகின்றன. முனைப்பிடிகளை உருப்பெருக்கி கொண்டு பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. 10 முதல் 15 ஆண்டுகள் ஆன கம்பிகளை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வுகள் சாதாரணப் பித்தளையாக இருந்தால், துத்தநாகம் கரைந்து உலோகம் இளஞ்சிவப்பாக மாறும். சுத்தியல் பட்டாலே நொறுங்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது சர்வேயில் பொதுவாக அடங்காது. அதற்குத் தனி மெக்கானிக்கும் கடலில் ஓர் ஓட்டமும் தேவை.

அறிக்கையில் குறைகள் மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டும்: கடலில் இறங்குவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை, அந்தப் பருவத்துக்குள் செய்ய வேண்டியவை, வசதிப்படி செய்யக்கூடியவை. திறக்க முடியாத பெட்டி, ஒட்டிய விரிப்புக்கு அடியிலுள்ள தளம், கீழே இறக்காத பாய்மரத்தின் உச்சி என்று எட்டாத இடங்கள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். 'பார்க்க முடிந்தவரை நன்று' என்ற பொதுவான வரி வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. அறிக்கை அதற்குப் பணம் கொடுத்தவருக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. அந்தப் படகு அவர் கைவிட்டு இன்னொருவருக்குப் போகும்போது புதிய சர்வே தேவைப்படும்.